இன்னும் மணி அடிக்கவில்லை

ஜூன் 1

சுண்டு அப்பாவுக்கு,

நான் நலம். போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே சண்டை வந்துவிடுகிறது. தாளில் எழுதினால் நீங்கள் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன்.

இங்கே என்னைப் பிரசவ வார்டில் போட்டிருக்கிறார்கள். நிற்க நேரமில்லை. வருகிற திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. சுண்டுவின் வெள்ளைச் சட்டைக்குப் பட்டன் தைத்துவிடுங்கள். சடை பின்ன எதிர்வீட்டு அக்காவிடம் அனுப்புங்கள். ரொட்டி மாவைப் பிசைகிற மாதிரி பிள்ளை தலையைப் பிசையாதீர்கள்.

லீவுக்குக்கூட வரவில்லை என்று ஊரெல்லாம் சொல்கிறீர்களாம். நர்ஸ் வேலைக்குக் கிளம்பிய அன்று வாசலில் நின்றுகொண்டு, "போனா திரும்பி வராத" என்று சொன்னது யார்? நீங்கள் அதை மறந்திருக்கலாம். நான் எப்படி மறப்பேன்?

சுண்டுவுக்கு முத்தம்.

சுண்டு அம்மா


ஜூன் 10

சுண்டு அம்மாவுக்கு,

பட்டன் தைத்தாயிற்று. சடை அக்காவின் உபயம். இனி சண்டை போடாமல் கேள்.

திங்கட்கிழமை பேக்கரி அடுப்பைக் கடைப் பையனிடம் விட்டுவிட்டு, கையில் மாவோடு சுண்டுவைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். போன வருஷம் பள்ளி திறந்த அன்று நீதான் கூட்டிப்போனாய், எனக்கு அங்கே என்ன நடக்கும் என்று தெரியாது. கேட்டில் பழைய பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். ஒரு குடும்பம் வந்ததும் ஒரு பிள்ளை ஓடிவந்து, "வாங்க, உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகிறது. என் மாவுக் கையையும் ஒரு வாண்டு முகம் சுளிக்காமல் பிடித்துக்கொண்டது.

முற்றத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். பாதர் செபம் சொல்லி எல்லாரையும் ஆசீர்வதித்தார். பெரிய சிஸ்டர் மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டார். கடைசிக் குடும்பமும் வந்த பிறகுதான் வருஷத்தின் முதல் மணியை அடிப்பார்களாமே. "வந்தாச்சு!" என்று கூட்டமே கத்தியது.

உன் மகள் பெஞ்சில் ஏறி நின்றாள். "எங்கம்மா இன்னும் வரல, சிஸ்டர்."

சட்டையைப் பிடித்து இழுத்தேன். உட்காருவாளா?

"எப்பம்மா வருவாங்க?"

"தெரியல. அப்பாதான் வராதன்னு சொல்லிட்டாங்க."

அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. அடுப்பு முன்னால் நின்று பழகியவன் நான். ஆனாலும் எனக்கு அப்படி வேர்த்ததே இல்லை.

சிஸ்டர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கயிற்றை விட்டுவிட்டார். "அப்ப இன்னும் எல்லாரும் வரல. காத்திருப்போம்" என்றார்.

பேச்சுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. இன்னும் மணி அடிக்கவில்லை. வாட்ச்மேன் வகுப்பு வகுப்பாகப் போய்க் கதவைத் தட்டி, பாடவேளை முடிந்தது என்று சொல்லிவிட்டு வருகிறார். சாயங்காலம் நான் போனால் ஒரு வாண்டுப் பட்டாளமே சூழ்ந்துகொண்டு, "அம்மா வந்தாச்சா?" என்று கேட்கிறது. உன் முகம்கூட ஞாபகமில்லாத பிள்ளைகள்! ஒருவரும் முணுமுணுக்கவில்லை. நான் எதற்கும் வாய் பிளக்கிற ஆளில்லை, உனக்குத் தெரியும். அந்த மணிக்குக் கீழே நிற்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. கோயிலில் நிற்பது போல் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறேன்.

ஒரு பள்ளிக்கூடமே உனக்காகக் காத்திருக்கிறது. நானோ கதவைச் சாத்தினேன்.

வேலையை விடச் சொல்லவில்லை. வந்துவிட்டுப் போ. மறுபடி வா. எத்தனை தடவை போனாலும் வா.

உன்,
சுண்டு அப்பா


ஜூன் 15

அன்புள்ள சுண்டு அப்பாவுக்கு,

வார்டில் நின்றபடியே உங்கள் கடிதத்தைப் படித்தேன். சற்று முன்தான் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அதன் அம்மா பயந்துபோய், "ஏன் நர்ஸம்மா அழுறீங்க, பாப்பாவுக்கு ஏதாச்சுமா?" என்றாள்.

"இல்லம்மா. எனக்காக ஒரு பள்ளிக்கூடத்துல மணி அடிக்காம இருக்காங்க" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குமே இன்னும் நம்ப முடியவில்லை. அத்தனை சின்னப் பிள்ளைகளா என்னைத் தேடுகிறார்கள்?

லீவு கிடையாது என்று கறாராகச் சொன்ன மேட்ரன், சுண்டு பெஞ்சில் ஏறியதைக் கேட்டதும், "முதல்ல போய் அந்த மணிய அடிக்க வை" என்று அனுப்பிவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் ரயிலை விட்டு இறங்கிப் பெட்டியோடு நேரே பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். வீட்டுக்கு அதற்குப் பிறகுதான். சுண்டுவை மணிக்கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள்.

கேட்டிலிருந்து என்னைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டுமே. பிள்ளைகளை அனுப்ப வேண்டாம், நீங்களே வாருங்கள். என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்றுதான் உங்களுக்குத் தெரியுமே.

கையில் மாவு இருந்தாலும் பரவாயில்லை.

உங்கள்,
சுண்டு அம்மா