உழாமல் விட்ட மேட்டுக்காடு

மார்கழி 9, புதன்

காலையில் மகள் அமெரிக்காவிலிருந்து போன் பண்ணினாள். அவள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு விவசாயி இருக்கிறாராம். மண் அரிக்காமல் இருக்க, நிலத்தில் ஒரு பகுதியை உழாமல் புல்லுக்கு விட்டிருக்கிறாராம். அதற்கு அந்த ஊர் அரசாங்கமே வருசா வருசம் பணம் தருகிறதாம்.

எனக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. மழைக்கு மழை செம்மண் ஓடையில் போகிறதே என்று மேட்டுக்காட்டை நானும் மூணு வருசமாக உழவில்லை. அதற்கு மொரப்பூர் சந்தை வரைக்கும் எனக்குச் சோம்பேறி என்று பேர். வீட்டிலும் அதே பேர்தான்.

"பாத்தியா சரசு, அமெரிக்காவுல இதுக்குப் பணம் குடுக்கறாங்க" என்றேன்.

என் வீட்டுக்காரி அவரைக்காய் உரிப்பதை நிறுத்தவே இல்லை. "அப்ப அங்க போயி சும்மா இருங்க. இங்க சும்மா இருக்கறவங்களுக்கு யாருங்க குடுப்பாங்க?"

எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனேன். பகல் பூரா அந்தப் பேச்சே மனசில் உறுத்திக்கொண்டிருந்தது.

சாயங்காலம் பக்கத்துக் காட்டு மாதண்ணன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். "மேட்டுக்காடு சும்மாதானே கெடக்குது, மேய்ச்சுக்கறேன்" என்று வாசலில் நின்று சரசுவிடம் கேட்டார். நான் மாட்டுக்கொட்டகையில் இருந்தேன்.

"சும்மா கெடக்கலீங்கண்ணா, வெச்சிருக்கறோம்" என்றாள். "புல்லு வெதை கொட்டட்டும். தை பொறந்து வாங்க."

கேட்டதாக நான் காட்டிக்கொள்ளவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, அவரைக்கொட்டைக் குழம்பு நல்லா இருக்கிறது என்று மட்டும் ரெண்டு தடவை சொன்னேன்.