வெள்ளை நூல் எடுக்காத கோட்டு

என் உயிர் மச்சான் குஞ்சித்தம்பிக்கு, கல்முனைத் தெருவில் உன் பக்கத்து மெசினில் இருந்த லெவ்வை சொல்லுவது.

எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். இடையிடையே பேனையை வைத்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைக்கிறாள். அவளுக்கும் உன்னைக் கொஞ்சம் ஞாபகம் இருக்கிறதாம்.

மச்சான், கோட்டு வந்துவிட்டது. நம்முடைய கலியாணக் கோட்டுத்தான். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து வாசலில் கதிரை போட்டு இருந்தேன். பாண்டிருப்பிலிருந்து உன் மகள் வசந்தி அதை ஒரு பையில் வைத்துக்கொண்டு வந்தாள். ஒரு தோளைத் தாழ்த்தி நிற்பாயே, அப்படியே நின்றாள்.

நீ போன நாளிலிருந்து ஒரு கேள்வி என் நெஞ்சில் கிடக்கிறது. அந்தக் கோட்டை எங்களுக்குக் கொண்டுவரத்தான் அன்றைக்கு நீ வீதியில் இறங்கினாயா? எங்கள் வீட்டுக் கலியாணத்துக்காகத்தான் செத்தாயா? இதை நான் ஒருவரிடமும் கேட்டதில்லை. உன் பெண்சாதி தெய்வானை மச்சாளிடம்கூடக் கேட்கவில்லை. ஓம் என்று அவள் சொல்லிவிட்டால் நான் எங்கே போய் நிற்பது?

பதில் இப்போது கிடைத்துவிட்டது. அதைச் சொல்லத்தான் மகளைப் பக்கத்தில் இருத்தியிருக்கிறேன். ஆனால் உன்னோடு கதைத்துக் கனகாலம். நேரே அதற்குப் போக வாய் வரவில்லை.

நம்முடைய தெரு உனக்கு ஞாபகம் இருக்கும். கொழும்புத் துறைமுகத்தைத் திறந்துவிட்டார்கள் என்று சொன்ன காலம். வெளிநாட்டுத் துணி கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. நிந்தவூர், சாய்ந்தமருது, காரைதீவு என்று எல்லா ஊர்ச் சனமும் பெருநாளுக்கும் பொங்கலுக்கும் துணியெடுத்துத் தைக்கக் கல்முனைக்குத்தான் வரும். தெருவின் இரண்டு பக்கமும் தையல் கடைகள். நம்முடையது பழையது, தகரக் கூரை, பலகைக் கதவு. நான் தைப்பேன், நீ வெட்டுவாய். எதிரில் அன்சார் கொழும்பில் தொழில் பழகி வந்து திறந்த கடைக்கு ஆளுயரக் கண்ணாடி, சுழலும் மின்விசிறி. உள்ளே போகிறவன் சாரனோடு போய், பெல்பொட்டக் காற்சட்டையோடு வருவான்.

அன்சார் உடம்போடு ஒட்ட வெட்டுவான். தையலுக்கு வெளியே நூல் அகலத்துக்குத்தான் துணி விடுவான். நீயோ நாலு விரல் துணியை உள்ளே மடிக்க விட்டு வெட்டுவாய். ஆள் பெருத்தால் பிரித்து விட, மெலிந்தால் திரும்பப் பிடிக்க. ஒரு நாள் நம்முடைய வாசலில் நின்று சிரித்தானே.

“குஞ்சித்தம்பி அண்ணன், அரைவாசித் துணிய உள்ளுக்கு மடிச்சித் தெச்சா அது கோட்டா? மாப்பிள்ளைக்குத் தலகாணி கட்டிவிட்ட மாதிரி இரிக்கி.”

நீ தலை நிமிர்த்தவில்லை. கத்தரிக்கோல் ஓடிக்கொண்டே இருந்தது.

“நீ தைக்கிற உடுப்போட ஒருத்தன் வட்டிலாப்பம் தின்ன ஏலாதுடா தம்பி.”

அந்தக் கோட்டு என் கலியாணத்துக்குப் பெண் வீட்டார் கொடுத்த கருநீலத் துணியில் நீ வெட்டியது. அதன் பிறகு ஒரு மீன்பிடிக்காரப் பொடியன், தன் கலியாணக் காவினுக்குப் போட ஒன்றும் இல்லை என்று வந்து நின்றான். என் கோட்டை எடுத்து அவனுக்குப் போட்டுப் பார்த்தாய். இரண்டு பக்கத் தையலையும் பிரித்து, உள்துணியை விட்டு, அன்றைக்கே அவன் உடம்புக்கு இருத்திவிட்டாய். அதோடு அது கடைக் கோட்டு ஆகிவிட்டது. இல்லாத வீட்டு மாப்பிள்ளை யார் வந்தாலும் அதுதான். எங்களவர் காவினுக்குப் போட்டார்கள், உங்களவர் கலியாண எழுத்துக்குப் போட்டார்கள். கூலி ஒன்றும் இல்லை. கலியாணப் பணியாரத்தில் ஒரு தட்டு வரும், அவ்வளவுதான்.

அன்சாரின் கலியாணத்தை மறந்திருக்க மாட்டாய். தனக்குத் தானே ஒரு சூட் தைத்தான். தெருவே போய்ப் பார்த்தது. மாப்பிள்ளையைச் சொந்தக்காரர் வீடு வீடாக அழைத்துச் சஹன் தட்டு நிறையச் சோறு போட்டார்கள், ஆள் பெருத்துவிட்டான். கலியாணத்துக்கு முதல் நாள் போட்டுப் பார்த்தவன் கையை நீட்டியிருக்கிறான், முதுகு நடுவில் கிழிந்துவிட்டது. பிரித்துவிட உள்ளே துணி ஏது? நம்முடைய பின்வாசலால் வந்து, மூத்த அண்ணனிடம் கேட்கிற குரலில் என்னிடம் கேட்டான்.

“காக்கா, உங்கட கோட்டு இரிக்கா?”

“எந்தக் கோட்டு? தலகாணியா?” என்றேன் நான்.

“மானத்த வாங்காதீங்க காக்கா. நாளைக்குக் காவின்.”

நீ சிரிக்கவே இல்லை. “கையத் தூக்கு” என்று அளவு நாடாவை எடுத்தாய். தெருவில் ஒருவருக்கும் சொல்லவும் இல்லை. அதிலிருந்து ஏழை மாப்பிள்ளை யார் தன்னிடம் வந்தாலும், “எதிர்க் கடையில ஒரு கோட்டு இரிக்கி, போ” என்று அனுப்பியது அவன்தான்.

உனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. உடுப்பை முதலில் வெள்ளை நூலில் நீட்டு நீட்டாக ஓடி நிறுத்தி, மற்றத் தையல் போட்டதும் உருவிவிடுவோமே, அந்த நூலில் ஓர் இழை இருந்தாலும் உடுப்புக் கடைவாசல் தாண்டக் கூடாது. சவூதிக்குப் போகிற ஒருவனின் சபாரி சூட்டுக்காகக் கொழும்பு பஸ்ஸையே மறித்தாய். கண்டக்டர் கத்துகிறான், பயணக்காரன் அழுகிறான். “வெள்ளை நூலோட உடுப்புப் போறதும் தையல்காரன் கோவணத்தோட தெருவில போறதும் ஒண்டுதான். லெவ்வை, பஸ்ஸப் பிடிச்சு வை!” நான் பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றேன்.

நூலை உருவுகிற வேலை வசந்திக்கு. பள்ளி விட்டு வந்தால் வெட்டுமேசையில் ஏறிக் குந்திவிடுவாள். ஒரே இழையாக அறாமல் உருவி எடுத்து, “அப்பா, பாம்பு!” என்று காட்டுவாள். இரண்டு விரலால் நூலின் தலையைத் தேடும் அந்தப் பிஞ்சுக் கை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

மறுகா உங்களவரும் எங்களவரும் வெட்டுப்பட்ட அந்தக் கெட்ட காலம் வந்தது. யார் தொடங்கினார்கள் என்று ஆயிரம் கதை சொல்வார்கள். நான் கண்டது இவ்வளவுதான். தெரு முழுக்கக் கதவு சாத்திக் கிடந்தது. உங்கள் பாண்டிருப்புக்காரர் இந்தப் பக்கம் வரவில்லை, நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. நடந்து வருகிற தூரம், கடலுக்கு அக்கரை மாதிரி ஆகிவிட்டது. கடையைப் பூட்டிய அன்று கோட்டை நீ வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தாய். என் தம்பி இஸ்மாயிலின் கலியாணம் கிட்டியிருந்தது. அவன் கை நீளம், கோட்டின் கைகளை இறக்கித் தைக்க வேண்டும் என்று.

ஒரு மீன்காரரிடம் நீ சொல்லியனுப்பியது எனக்கு வந்து சேர்ந்தது. “கோட்டு என்னட்டப் பத்திரமா இரிக்கு. லெவ்வையப் பயப்பட வேணாமெண்டு சொல்லு. நானே கொண்டு வாறன்.”

நான் அதைக் கேட்டுச் சந்தோசப்பட்டேன் மச்சான். உன்னை வராதே என்று சொல்லியனுப்ப ஆள் தேடினேன், கிடைக்கவில்லை. பிறகு வந்தது உன் மவுத்துச் செய்தி. சந்திக்குக் கிட்ட, வீதியோரத்தில். யார் செய்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வெறுக்க ஓர் ஆள் கிடைப்பான், நீ கிடைக்க மாட்டாய். ஒரு சொல் மட்டும் தைத்து நின்றது. “கையில ஒரு பையோட போனவராம்.”

பையில் என்ன இருந்திருக்கும்? எனக்கு வேறு என்ன நினைக்க வரும்?

உன் கடைசிக் காரியத்துக்கு நான் வரவில்லை. வர வழியில்லை. இஸ்மாயிலுக்குப் பிந்தித்தான் கலியாணம் நடந்தது, வெள்ளைச் சட்டையும் சாரனும். வேறு கோட்டு எடுப்போமா என்று கேட்டதற்கு அவன் தலையை ஆட்டி மறுத்துவிட்டான். வழி திறந்த பிறகு உன் வீட்டுக்கு வந்தேன். தெய்வானை மச்சாள் தேத்தண்ணி தந்தாள். நான் குடித்தேன். கோட்டைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அது உன்னோடு வீதியில் போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டேன்.

மச்சாள் இந்த மாரிமழைக்குள் மோசம்போய், கண்ணை மூடிவிட்டாள். உனக்கு அந்தச் செய்தி என்னை முந்தி வந்திருக்கும். அதற்குப் பிறகுதான் வசந்தி மச்சாளின் பெட்டியைத் திறந்திருக்கிறாள்.

“அம்மா உயிரோட இருக்கும்மட்டும் அந்தப் பெட்டியில கை வைக்க விடல்ல மாமா. இப்ப மூத்தவனுக்கு எழுத்து வருது. அம்மப்பாட கோட்டுத்தான் போடுவன் எண்டு நிக்கிறான். தோள் கொள்ளுதில்ல. நீங்கதான் பார்க்கோணும்.”

கோட்டை என் மடியில் விரித்தாள். வெளியே நிறம் சாம்பலாகிவிட்டது. பக்கத் தையலைக் கொஞ்சம் பிரித்து உள்ளே பார்த்தேன். உள்துணி அன்றைக்கு என் மாமனார் கடைத்தெருவில் வாங்கிய அதே கருநீலம். வெயில் காணாதது.

அப்போதுதான் எனக்குக் கேட்க வாய் வந்தது. “புள்ள, கோட்டு வீட்டிலதான் இரிந்திரிக்கி. அப்ப உங்கட அப்பா அண்டைக்கு என்னத்துக்கு வெளிக்கிட்டார்?”

அவள் என்னைப் பார்க்கவில்லை. முற்றத்தைப் பார்த்தாள்.

“எனக்குக் காய்ச்சல் மாமா. அம்மா மறிச்சவ. கேக்கல்ல. மருந்து வாங்கிவரப் போத்தலக் கழுவிப் பையில போட்டுக்கொண்டு இறங்கினவர்.” முற்றத்தைப் பார்த்தபடியே, “என்னாலதான் மாமா” என்றாள். இரண்டு பிள்ளை பெற்றவள், தலையில் நரை விழுந்தவள், அந்தச் சொல்லை மட்டும் ஒரு சின்னப் பிள்ளையின் குரலில் சொன்னாள்.

நான் கோட்டின் கையைத் திருப்பினேன். விளிம்பில் வெள்ளை நூல். இஸ்மாயிலுக்காக இறக்கி, நூலோடி நிறுத்தி, மற்றத் தையல் போடாமல் விட்ட கை. நீ அந்தக் கோட்டை எங்களுக்குக் கொண்டுவர வெளிக்கிடவில்லை. வெள்ளை நூலோடு நீ ஓர் உடுப்பை வாசல் தாண்ட விடுகிற ஆளா?

இத்தனை வருசம் நெஞ்சில் கிடந்தது அந்த நேரம் இறங்கியது மச்சான். உன்னிடம் மறைக்க மாட்டேன், மூச்சு லேசாக வந்தது. அடுத்த மூச்சிலேயே வெட்கமாகப் போய்விட்டது. என்னிடமிருந்து இறங்கியது முழுக்க அந்தப் பிள்ளையின் தலையிலல்லவா ஏறுகிறது?

நூலின் மேல் என் பெருவிரலை வைத்து மறைத்தேன்.

“அப்பிடிச் சொல்லாத புள்ள. இந்தா பார், கோட்டு முடிஞ்சிரிக்கி. முடிஞ்ச உடுப்ப உங்கட அப்பா வீட்டில வெச்சிக்கொண்டு இரிக்கிற ஆள் இல்ல. இத எனக்கிட்டக் கொண்டு வரத்தான், வழி எப்பிடி எண்டு பார்க்க அண்டைக்கு இறங்கியிரிப்பார். போற வழிக்கு மருந்து. காய்ச்சல் இல்லாட்டியும் போயிரிப்பார்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் பெருவிரலைப் பார்த்தாள். நான் கிழவன், கண் மங்கல், விரலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெள்ளை நூல் தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அது என்னவென்று அவளுக்கு யார் சொல்ல வேண்டும்?

“ஓம் மாமா,” என்றாள். “அப்பிடித்தான் இரிக்கும்.”

சொல்லிக்கொண்டே கையை நீட்டி, அந்த விளிம்பை மெதுவாக உள்ளே மடித்துவிட்டாள். தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது, என் மகள் திரும்பச் சுடவைத்துத் தந்தாள்.

நான் சொன்னது சரியா மச்சான்? உனக்குக் கோபமா? முடியாத கோட்டை முடிந்தது என்று சொல்லி உன் தொழிலுக்கே பழி சேர்த்துவிட்டேன். நீயாக இருந்தால் அவளுக்கு என்ன சொல்லியிருப்பாய்?

இப்போது கோட்டு என் மெசின் மேல் கிடக்கிறது. ஊசிக்கு நூல் கோக்க எனக்குக் கண் தெரியாது. அன்சார் அசர் தொழுதுவிட்டு வந்து கோத்துத் தருகிறான். அவனுடைய கடை இப்போது மூன்று தட்டுக் கட்டடம், அவன் பெற்ற மக்கள் நடத்துகிறார்கள். நேற்று உள்துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் இருந்தான். “காக்கா, மிச்சத்த வெட்டிராதீங்க” என்றான். தலகாணி என்று சொன்ன வாய்.

வெட்ட மாட்டேன். உன் பேரனுக்குத் தோள் அகலம், உன் தோள்தான். அவனுக்கு வேண்டியதை விட்டுவிட்டு மீதியை நீ மடித்தபடியே மடித்து வைக்கிறேன். அவனுக்குப் பிறகும் ஒருவன் போடலாம். கைக்கு மற்றத் தையலை நானே போடுகிறேன், கோணினால் பொறுத்துக்கொள்.

எல்லாம் முடிந்த பிறகு, அந்த வெள்ளை நூலை உருவ வசந்தியைக் கூப்பிடுவேன். உன் கை ஓடிய நூல், அவள் கைதான் எடுக்க வேண்டும். அவள் எடுத்து முடிக்கும்வரை உன் கோட்டு என் வாசலைத் தாண்டாது மச்சான். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

உன் பிள்ளைக்கு மாமனாக இன்னும் இங்கே இருக்கிற,
உன் மச்சான்
உதுமாலெவ்வை