மோட்டாரின் கீழ்ப்பாதியைப் பூட்ட இரண்டு பேர்

1987 நவம்பர் 13, வெள்ளி. ட்ராசா

காலையிலிருந்து புழுக்கம். மழை போக்குக் காட்டிவிட்டு மலைப் பக்கம் போய்விட்டது.

வியாழக்கிழமை விமானம். எனக்கு மட்டும். ஆக்லாந்தில் மகள் சரோஜாவுக்கு இது ஒன்பதாம் மாதம். விசா என்னவோ இரண்டு பேருக்கும்தான் வந்தது. இவர்தான், "நீ முன்னாடி போ. கரும்பு வெட்டு முடியட்டும், படகையும் ஒரு வழி பண்ணிட்டு வர்றேன்" என்கிறார். பக்கத்துப் பண்ணைச் சின்னசாமி அண்ணனும் அண்ணியை இப்படித்தான் அனுப்பிவைத்தார். மனுஷர் இன்னும் இங்கேதான், தனியாக டின் மீன் தின்றுகொண்டு.

பெட்டியில் வைத்தது: புடவைகள், பிள்ளைக்குத் துணி, பிரசவ மருந்துச் சாமான், அரைத்த மசாலா. இவருடைய ஸ்வெட்டரையும் நானாக வைத்தேன். "இது இப்ப எதுக்கு, எடத்த அடைச்சுக்கிட்டு" என்று வெளியே எடுத்துவிட்டார்.

சாயங்காலம் படகு மோட்டாரைத் தோளில் சுமந்து வந்து கொட்டகையில் மரச் சட்டத்தில் மாட்டினார். வருஷா வருஷம் கியர் எண்ணெய் மாற்றும் வேலை. கடையிலிருந்து எண்ணெய் இரண்டு பாட்டில். ஒன்றே போதுமே என்றேன்.

"இருக்கட்டும். அடுத்த வருஷத்துக்கு ஆவும்."

அடுத்த வருஷம். ஆக, இங்கேயே இருக்கத்தான் திட்டம். அதற்குமேல் பேச்சுக் கொடுக்கவில்லை நான். சோறு மட்டும் போட்டேன்.

14, சனி

வெயில். கரும்பு லாரிகளின் தூசி, காயப்போட்ட துணியெல்லாம் பழுப்பு.

மோட்டாரின் கீழ்த் திருகைக் கழற்றினார். எண்ணெய் கறுப்பாக வரவேண்டியது பால் போட்ட டீ மாதிரி வந்தது. "தண்ணி பூந்துடுச்சு" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். புரொப்பெல்லரைக் கழற்றினால், அதன் பின்னால் தூண்டில் நரம்பு சுற்றிச் சுற்றி, தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் ‘சீல்’ வளையத்தை அறுத்துவைத்திருக்கிறது. பச்சை நரம்பு. பச்சை என்னுடையது, இவருடையது வெள்ளை.

"யாரு நரம்பு இது?"

"யாரு மோட்டார இழுத்தது? நான் சுருட்டறதுக்குள்ள அவசரம்."

"மீனு போவுது போவுதுன்னு கத்தினது நீதானே."

சிரித்துவிட்டேன். பேசக்கூடாது என்றல்லவா இருந்தேன்.

புது சீல் வாங்க லௌடோகா போய் வந்தார். வழியில் ராணுவச் சோதனை. சிப்பாய்ப் பையன் சீலை எடுத்து விரலில் மோதிரம் மாதிரி போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தானாம். சொல்லும்போது இவர் சிரிக்கவில்லை.

15, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக்கூடாது, படகு எடுக்கக்கூடாது. ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு இந்தத் தீவில் இப்படி ஒரு சட்டம். பஸ்கூட இல்லை. கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்தோம். உள்ளே சோறு வேகும் சூடு.

புது சீல் வளையத்தை அடித்து இறக்கவேண்டும். சுத்தியல் சத்தம் ரோட்டுக்குக் கேட்கும். சுத்தியலுக்குத் துணி சுற்றியும் கேட்டது. இவருக்கு யோசனை வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் இவருடைய கூட்டாளி சகியூசாவின் கிராமத்துச் சர்ச்சில் பாட்டு ஆரம்பிக்கும் வரை காத்திருப்பது, அவர்கள் குரல் உயரும்போது ஒரு தட்டு. பாட்டு நின்றால் நாங்களும் நின்றோம். அப்படியே முழுசும் இறங்கிவிட்டது. தண்ணீர் இழுக்கும் ரப்பர் சக்கரத்தையும் கையோடு மாற்றினார்.

பிறகு கீழ்ப்பாதியைப் பூட்டுவது. இது ஒரு ஆளால் ஆகாது. இவர் மல்லாந்து படுத்துத் தூக்க, மேலே நான் செப்புக் குழாயை அதன் ஓட்டையில் சரியாகப் பிடித்து, புரொப்பெல்லரையும் மெல்லத் திருப்பவேண்டும். படகு வாங்கிய நாளிலிருந்து என் வேலை.

"வந்துச்சா?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

"வந்துடுச்சு."

அடியிலிருந்து எண்ணெய் ஏற்றினார். மேல் ஓட்டையில் வழிந்ததும் திருகினேன். அப்போது கேட்டேன்: "அடுத்த வருஷம் இத யாரு பிடிப்பா?"

மண்ணெண்ணெய்த் துணியால் என் கையை ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டார். அழுதேன். மண்ணெண்ணெய் வாடை கண்ணில் என்று நினைத்திருப்பார், நினைக்கட்டும். இந்த மனுஷரை விட்டுப் போக எனக்குத் தெம்பில்லை.

16, திங்கள்

இவர் விடிகாலையிலேயே பஸ் ஏறிப் போய்விட்டார். எங்கே என்று சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு வந்தார்.

மழை. தண்ணீர் ட்ரம்மில் மோட்டாரை இறக்கி ஓட்டிப் பார்த்தோம். பக்கவாட்டில் தண்ணீர் ஜோராகப் பீய்ச்சியது. பச்சைப்பிள்ளை ஒன்றுக்குப் போவதைப் பார்த்தது போல இவருக்குச் சந்தோஷம். எனக்கு வயிற்றெரிச்சல். இன்னும் பத்து வருஷம் ஓடும்.

17, செவ்வாய்

சகியூசாவும் அவன் பெண்சாதி லிதியாவும் வந்தார்கள், ஒரு கட்டு மரவள்ளிக் கிழங்கோடு. கடலில் இவருக்குக் கூட்டாளி சகியூசா. அவர்கள் இந்தத் தீவின் பூர்வகுடி, எங்களோடு பேச்செல்லாம் ஹிந்தியில்தான்.

பார்த்தால், நேற்று ஓட்டிப் பார்த்த மோட்டாரை இவர் மறுபடியும் கழற்றுகிறார். கீழ்ப்பாதி தரையில். லிதியாவைக் கூப்பிட்டு, "இந்தக் குழாயைப் பிடி, என் பெண்சாதி பிடிப்பது போல" என்கிறார்.

ஓஹோ. என் இடத்துக்கு ஆள் ஏற்பாடு. நான் விமானம் ஏறக்கூட இல்லை. உள்ளே போய் உலையைக் கிளறினேன், கிளற ஒன்றும் இல்லாமல்.

"இங்க வா" என்று கூப்பிட்டார். கோபத்தோடுதான் போனேன். மல்லாந்து படுத்திருந்தது சகியூசா. ஸ்பேனர் அவன் கையில். இவர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்கிறார். என் பக்கத்தில்.

லிதியாவுக்குக் குழாய் வழுக்கியது. என் கை தானாக நீண்டது. இவர் பிடித்து நிறுத்தினார். "விடு. அவங்களே செய்யட்டும். இனிமே அவங்க படகு."

மூன்றாம் தடவை உட்கார்ந்தது. லிதியா சிரித்தாள். இவர் இரண்டாவது எண்ணெய் பாட்டிலை எடுத்து சகியூசாவிடம் கொடுத்து, "அடுத்த வருஷத்துக்கு" என்றார்.

"அப்ப கரும்பு?" என்றேன்.

"மச்சான் வெட்டிக்குவான்."

"டிக்கெட்டு?"

"நேத்து வேற எதுக்குப் போனேன்? உன் பக்கத்து சீட்டு கெடைக்கல. பின்னாடி ஒண்ணு."

அவர்கள் போன பிறகு காலி மரச் சட்டத்தைத் தடவிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பிறகு உள்ளே வந்து, "அங்க குளிருமாமே. அந்த ஸ்வெட்டர எடுத்து வையி" என்றார்.

வைத்தாயிற்று. பெட்டி மூடவில்லை. ஒருவர் மேலே உட்கார்ந்தால்தான் பூட்டு விழும். கூப்பிடவேண்டும்.