அப்பா குறைத்த காற்று

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். உடம்பைப் பற்றித்தான் சொன்னேன், மனசைப் பற்றி இல்லை. அது பத்து நாளாகக் கொதித்துக்கொண்டிருக்கிறது. போனில் பேசலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்கிறார், அதனால்தான் பேனாவை எடுத்தேன். படித்துவிட்டு உன் அண்ணனிடம் உளறி வைக்காதே, அவன் வாயில் எதுவும் தங்காது.

முதலில் நீ அனுப்பிய ஃபாரம். ஆட்டோமேட்டிக் காரில் கியர் மாற்ற எந்த மாதிரி அமைப்பு பிடிக்கும் என்று பத்து டிரைவர்களிடம் கேட்டு நிரப்பி அனுப்பு அம்மா என்றாய். கேட்டேன். ஸ்கூல் வேன் ஓட்டிய காலத்துக் கூட்டாளிகள் இன்னும் பெட்ரோல் பங்க் பக்கத்து டீக்கடையில்தான் சாயங்காலம் கூடுகிறார்கள், என்னைக் கண்டதும் வேன் அக்கா வந்தாச்சு என்று நாற்காலி போடுகிறார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர், கண்ணு ரோட்டுல இருக்கணும், கை தானா போய் கியரைப் பிடிக்கணும், அதுக்குப் பழைய தண்டுதான் சரி என்று அடித்துச் சொன்னார். பார்சல் வண்டி ஓட்டுகிற பெண் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் குச்சிதான் வேண்டும் என்றாள், நடுவில் பை வைக்க இடம் கிடைக்குமாம். ஆனால் முதல் வாரம் மழையில் வைப்பர் போடுவதாக நினைத்து நியூட்ரல் போட்டாளாம், அதையும் அவளே சொல்லிச் சிரித்தாள். நம் பல் டாக்டருக்கு பட்டன். லிஃப்டில் அமுக்குவது மாதிரி அமுக்கினால் போதும் என்கிறார், மனுஷன் லிஃப்டுக்கும் காருக்கும் வித்தியாசம் தெரியாமல் எப்படி லைசென்ஸ் வாங்கினாரோ. ஆக மொத்தம் தண்டுக்கு ஆறு பேர், குச்சிக்கு இரண்டு பேர், பட்டனுக்கு ஒருவர். உங்கள் கார் கம்பெனியில் நீங்கள் செய்த, திருப்பி கியர் மாற்றுகிற அந்த வட்டக் குமிழைக் கேட்டவர் ஒருவரும் இல்லை. பத்தாவது ஆள் நான், என் கதையைக் கேள்.

எங்க டீம் செஞ்ச குமிழ் இருக்கிற கார்ம்மா என்று நீ பெருமையாக வாங்கிக் கொடுத்தபோது எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் முதல் நாளே சொன்னேனா இல்லையா, கியர் குமிழும் ஏசி காற்றுக் குமிழும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே அளவு, ஒரே வெள்ளி வளையம், பார்க்க அழகாக இருக்கிறது, கைக்குப் பிடிபடவில்லை என்று? பழகிடும்மா என்றாய். எனக்குப் பழகிவிட்டது. இருபத்திரண்டு வருஷம் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவள், ஒரு கீறல் விழவிட்டதில்லை, எனக்கா பழகாது? ஆனால் காரில் நான் மட்டுமா உட்காருகிறேன்?

போன வாரத்துக்கு முந்தின வாரம் வெள்ளிக்கிழமை, வாதம் வந்த கைக்குப் பயிற்சி கொடுக்க அப்பாவை முன் சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். அந்த இடத்து வாசல் ஏற்றம் உனக்கு ஞாபகம் இருக்கும். முன்னால் ஒரு வண்டியிலிருந்து சக்கர நாற்காலியை இறக்கிக்கொண்டிருந்தார்கள், நான் ஏற்றத்தின் நடுவில் பிரேக்கில் காலை வைத்துக் காத்திருந்தேன். அந்த வண்டி நகர்ந்ததும் காலை எடுத்து ஆக்சிலரேட்டரை மிதித்தேன். எஞ்சின் கத்துகிறது, கார் பின்னால் உருளுகிறது. பிரேக்கை மிதிப்பதற்குள் கேட் தூணில் போய் இடித்துவிட்டது. பின் விளக்கு உடைந்தது, தூணில் நாலு டைல்ஸ் பெயர்ந்தது, நல்லவேளை பின்னால் யாரும் நிற்கவில்லை. பார்த்தால் கியர் நியூட்ரலில் இருக்கிறது. என் கைதான் தவறிவிட்டதோ என்று நானே ஒரு நிமிஷம் நம்பினேன், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உன் அண்ணன் சாயங்காலம் வந்து காரைச் சுற்றிப் பார்த்தான். ஆனைக்கும் அடி சறுக்கும்மா, வயசாகுதில்ல என்று சொல்லிவிட்டு சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவளே நான். இப்போது அண்ணி வாடகைக் கார் அனுப்புகிறாள். அதுவும் நேரத்துக்கு வருவதில்லை, இரண்டு தடவை அப்பாவுக்குப் பாதிப் பயிற்சி போயே போயிற்று. வருகிறவன் ஓட்டுகிற ஓட்டில் நான் பின் சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து முழங்கால் வலிதான் மிச்சம்.

இனிமேல்தான் விஷயம். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அப்பா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். தூணில் இடித்துவிட்டு வந்திருக்கிறோம், இவருக்கு என்ன சந்தோஷம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. பயிற்சி கொடுக்கிற பெண், வராத கையாலேயே எல்லாம் செய்யுங்க, ஸ்விட்சு, கதவு, ஸ்பூன் எல்லாம் அதாலதான் என்று சொல்லியிருக்கிறாள் அல்லவா. ஐந்து மாதமாக ஸ்பூன் கீழேதான் விழுந்துகொண்டிருக்கிறது. அப்பா சொல்கிறார், காருக்குள்ள குளிரா இருந்துச்சு, உன்னைத் தொந்தரவு பண்ண வேணாம்னு நானே இந்தக் கையால காத்தைக் குறைச்சேன், டிக்குன்னு ஒரு சத்தம் கூட கேட்டுச்சு என்று. இடித்துவிட்டு நான் காரை ஓரம் கட்டியபோது காற்று முழு வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது, நான்தான் அதைக் குறைத்தேன். அப்படியானால் அவர் திருப்பியது எந்தக் குமிழ் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அந்தப் பெண்ணிடமும் இவர் அன்றைக்குப் பயிற்சியின்போதே சொல்லியிருக்கிறார். அவள் பயிற்சி நோட்டில், தானாகவே குமிழைத் திருப்பினார் என்று எழுதிக் கீழே கோடு வேறு போட்டுக் கொடுத்திருக்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுகிறார். விடு, வண்டின்னா ஒரு நாள் இடிக்கத்தான் செய்யும் என்று எனக்கு ஆறுதல் வேறு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். வாய் வரைக்கும் வருகிறது, அந்த நோட்டைப் பார்த்ததும் விழுங்கிவிடுகிறேன். உண்மையைச் சொன்னால் என் சாவி திரும்பி வரும், அவர் கை மறுபடியும் மடிக்குப் போய்விடும்.

அதனால் நீதான் பேச வேண்டும். அண்ணனைக் கூப்பிட்டு, ரெண்டு குமிழும் ஒரே மாதிரி இருக்கு, யார் கையும் தவறும், தப்பு எங்க டிசைன்ல, அம்மாகிட்ட இல்லை என்று சொல். உன் வேலையை நீயே குறை சொல்வது உனக்குக் கௌரவக் குறைச்சலாக இருக்கும். இருக்கட்டும், நான் பத்து நாளாகச் சுமக்கிறேனே. அப்பா பெயர் மட்டும் எங்கேயும் வரக்கூடாது. ஆபீஸிலும் சொல், அழகுக்காக ஒட்டிப் பிறந்த இரட்டை மாதிரி வைக்காதீர்கள், காற்றுக்கு ஒரு உருவம், கியருக்கு வேறு உருவம் என்று. வரைகிற மேஜையில் கை மரத்துப்போன மனுஷன் எவனும் உட்காருவதில்லை, உங்களுக்கு எப்படித் தெரியும்.

கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே. நீ எடுக்கும் காரியமெல்லாம் ஜெயமாகட்டும், நோய் நொடி இல்லாமல் நன்றாக இரு. இருமல் விட்டதா என்று எழுது, காலில் சாக்ஸ் போடாமல் தரையில் நடக்காதே. நிரப்பிய ஃபாரத்தை இதோடு வைத்திருக்கிறேன். குமிழுக்கு எல்லாக் கேள்வியிலும் சைபர்தான் போட்டேன். பதினான்காவது கேள்வி மட்டும், குமிழ் எளிதாகத் திரும்புகிறதா என்று இருந்தது. அதற்கு முழு மார்க் போட்டிருக்கிறேன்.

என்றும் உன் நலம் நினைக்கும்,
அம்மா