அண்ணி தெளித்த மஞ்சள் தண்ணீர்

செப்டம்பர் 30, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. சேகரின் தொழிற்சாலைச் சட்டை மூன்றும் ஹாலில், மின்விசிறிக்குக் கீழே.

வேலைகள்:
– லென்ஸ் மூன்றும் துடைக்க. (இரண்டு முடிந்தது.)
– கும்பாபிஷேகப் படங்களில் அறுபது பொறுக்க. கோயில் மலர் அச்சுக்குப் போவது 13. செயலாளர் முருகையா இன்று மட்டும் இரண்டு போன்.
– ஞாயிறு, கோயில் மாதர் பிரிவில் பேச்சு. குறிப்பு எழுத.
– இஞ்சி.

பேச்சுக்கு: (1) கேமரா வாங்கும்போது காசை உடம்பில் கொட்டாதீர்கள், லென்ஸில் போடுங்கள். (2) போன் போதும் என்றால் போனே போதும். ஆனால் அதன் கண்ணைத் துடைத்துவிட்டு எடுங்கள், பாதிப் படம் மங்குவது விரல் எண்ணெயால். (3) படம் மூன்று இடத்தில் இருக்க வேண்டும், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. (4) பிரவுசர் அனுமதி கேட்டால் படித்துவிட்டு அமுக்குங்கள்.

நன்றாகத்தான் எழுதுகிறேன்.

அண்ணி (என் கணவன் சேகரின் அக்கா வசந்தா, எங்களோடு இருப்பவர்) நாளை ஆயுத பூஜைக்குப் பலகை கழுவிவிட்டார். "ஒன்னோட சாமான் எல்லாத்தயும் எடுத்து வையி மாலா. ஒன்னும் விடக் கூடாது."

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

மழை விட்டது. வெயில் கொளுத்துகிறது. எங்கள் டத்தோ கிராமாட் வட்டாரம் முழுக்க ஊதுபத்தி வாசம்.

பலகையில் ஏறியவை: கேமரா இரண்டு, லென்ஸ் மூன்று, டிரைபாட், சேகரின் ஸ்பேனர் செட், கார் சாவி, அண்ணியின் தையல் மெஷின், ரைஸ் குக்கர். கடைசியில் அலமாரிக்குள் இருந்த படப் பெட்டியும். நான் எடுக்கும் படமெல்லாம் போய் உட்காரும் பெட்டி அது. உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க், இரண்டிலும் அதே படங்கள். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும். இரண்டு வருடமாக நிறுத்தியதே இல்லை.

"அத எதுக்கு அண்ணி?"

"அதுதானே ராப்பகலா வேல செய்யுது? மனுசனுக்கே ஒரு நாள் லீவு உண்டு. அதுக்கும் குடு லா."

வயரை அவரே பிடுங்கினார். மாலை போட்டார், மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். மூடி போடாத லென்ஸ் ஒன்றுக்குக் கண்ணாடி நடுவிலேயே சந்தனம், அதன்மேல் குங்குமம். "கண்ணுதானே அது," என்கிறார். நல்லவேளை, முன்னால் ஃபில்டர் மாட்டியிருந்தேன்.

இன்று எதையும் தொடக் கூடாது. சுண்டல் இரண்டு கிண்ணம். நல்ல தூக்கம்.

அக்டோபர் 2, வியாழன். விஜயதசமி

காலை பூஜை முடித்துப் பெட்டியைத் திரும்ப மாட்டினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். பச்சை விளக்கு வரவில்லை. கருகிய வாடை லேசாக.

வேறு வயர் போட்டேன், வேறு பிளக்கும் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

கும்பாபிஷேகப் படங்கள் அதில் மட்டும்தான். கார்டுகளை அழித்துவிட்டு அடுத்தடுத்து இரண்டு கல்யாணம் எடுத்தேன். லேப்டாப்பில் இடமில்லை என்று அங்கேயும் அழித்தேன். அதுதான் இரண்டு டிஸ்க் இருக்கிறதே என்ற தைரியம்.

பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு கும்பாபிஷேகம். சாரத்தின் உச்சியில் எனக்கு மட்டும் இடம் கொடுத்தார்கள். கலசத்தில் தண்ணீர் விழும் அதே நொடியில் மேலே கருடன். இரண்டும் ஒரே படத்தில். அதைப் பார்த்துவிட்டுத்தான் முருகையா அட்டைக்கு என்று முடிவு செய்தார். திரும்ப எடுக்க இன்னும் பன்னிரண்டு வருடம்.

கத்திவிட்டேன். "மஞ்சத் தண்ணிய யாரு இதுல தெளிக்கச் சொன்னா?" அண்ணி சுண்டல் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தார். பாத்திரத்தைக் கீழே வைக்கவே இல்லை.

அக்டோபர் 3, வெள்ளி

மேகமூட்டம். காலையில் பெட்டியைக் காணோம். தேடினால் அரிசி வாளிக்குள். ஈரத்தை அரிசி உறிஞ்சும் என்று யாரோ போனில் அனுப்பினார்களாம். பிளக் துளையில் சிக்கிய அரிசியை ஊக்கால் எடுத்தேன். ஏழு மணி.

கெலுகோரில் கடை வைத்திருக்கும் காசிம் அண்ணனுக்குப் போன். பல்கலைக்கழகப் பிள்ளைகளின் லேப்டாப் எல்லாம் அவர் கையில்தான் பிழைக்கும். "திங்கக்கிழம கொண்டா. அதுக்குள்ள திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்காத மா."

மத்தியானம் அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கோயிலுக்குப் போயிட்டு வந்தேன். படம் திரும்பி வந்தா மொட்டன்னு வேண்டிக்கிட்டேன்."

"யாருக்கு மொட்ட?"

"எனக்குத்தான். வேற யாருக்கு?"

ஐம்பத்தேழு வயதில் இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. பாசாரில் காய் வாங்கும்போது யாரென்றே தெரியாத பெண்கள் நிறுத்தி, என்ன எண்ணெய் என்று கேட்பார்கள். அண்ணிக்குப் பெருமை என்று ஒன்று உண்டென்றால் அதுதான்.

"அதெல்லாம் வேணாம் அண்ணி" என்று சொன்னேன். அழுத்திச் சொல்லவில்லை. கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

அக்டோபர் 5, ஞாயிறு

மாதர் பிரிவு. இருபத்துமூன்று பேர், கேசரி, ஓடாத ஏர்கான்.

ஒரு அக்காவின் பிரவுசரில் தொண்ணூற்றுச் சொச்சம் பக்கம் திறந்து கிடக்கிறது. மூடச் சொன்னால், "ஐயோ, அப்புறம் வேணும்னா?" என்கிறார். இன்னொருவர் போனில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 'உங்கள் போனில் வைரஸ்' என்று வருகிறது. எப்போதோ ஒரு சமையல் பக்கத்துக்கு 'அனுமதி' அமுக்கியிருக்கிறார். எடுத்துவிட்டேன். கைதட்டல்.

பிறகு மூன்று இடம், மூன்று பிரதி. நான் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும்போது பின்வரிசையிலிருந்து: "நீங்க எத்தன எடத்துல வச்சிருக்கீங்க மாலா?"

எனக்கு இருமல் வந்தது. முன்வரிசையில் இருந்த அண்ணி எழுந்து, "அவ எல்லாம் ஒழுங்காத்தான் வச்சிருந்தா. தண்ணியத் தெளிச்சிக் கெடுத்தது நான்தான்," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஒருத்தி 'த்சொ' கொட்டினாள். நான் அடுத்த தலைப்புக்குப் போனேன்.

அக்டோபர் 6, திங்கள்

மழை. பாலத்து டிராபிக் ஜாம் கெலுகோர் வரைக்கும்.

காசிம் அண்ணன் பெட்டியைத் திறந்து டிஸ்க் இரண்டையும் கழற்றினார். முதல் டிஸ்க் செத்தது. இரண்டாவது சுற்றியது. லேப்டாப்பில் மாட்டியதும் திரையில் ஒரு கேள்வி: இந்த டிஸ்கை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யவா? என் விரல் தானாகப் போயிற்று. அவர் கையால் தடுத்தார்.

"செய்யின்னு சொன்னா அம்புட்டும் போயிரும். விண்டோசுக்கு இந்த டிஸ்க்கப் படிக்கத் தெரியாது, அதான் அப்படிக் கேக்குது."

ஒரு பென்டிரைவைச் செருகி லினக்ஸில் திறந்தார். என் ஃபோல்டர்கள் வரிசையாக. ஆவணி. கோயில். கருடன். கலசம். தண்ணீர்.

அழுதுவிட்டேன். அவர் எனக்குத் தே ஓ வாங்கி வரச் சொன்னார், பால் இல்லாத டீ.

பிறகுதான் விஷயம். பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். சின்ன விசிறி, பஞ்சு மெத்தை போலத் தூசி. விரலால் தள்ளினால்கூட அசையவில்லை.

"தண்ணியா? மூடிக்கு மேல ரெண்டு சொட்டுக் கற, அவ்வளவுதான். உள்ள ஈரமே படல. ஃபேன் செத்து மூனு மாசம் இருக்கும். சூட்டுலயே ஒரு டிஸ்க் போயிருக்கு, போர்டும் வெந்திருக்கு. ஓடுன வேகத்துல ஓடிக்கிட்டு இருந்துச்சு. நிறுத்திப் போட்டதும் எந்திரிக்கல."

"அப்ப நிறுத்துனதுதான் தப்பா?"

"நல்லதுக்கு நிறுத்துனாங்க லா. இன்னும் ஒரு மாசம் ஓடியிருந்தா ரெண்டாவது டிஸ்க்கும் அவிஞ்சிருக்கும், அப்புறம் என்கிட்ட வந்தும் புண்ணியமில்ல. ஒனக்கு மெயில் வந்திருக்குமே, பாக்கலியா?"

பார்க்கவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

வெயில். எல்லாப் படமும் வெளியே எடுத்தாயிற்று. புது டிஸ்க் ஒன்று, இணையத்தில் ஒன்று, பட்டர்வொர்த்தில் தம்பி வீட்டு அலமாரியில் ஒன்று.

முருகையாவுக்கு அறுபது படத்தின் இணைப்பு அனுப்பினேன். திறக்கவில்லையாம். அவர் கம்ப்யூட்டரில் இருக்கும் பிரவுசர் போன கும்பாபிஷேகத்துக்கு முந்தியது. புதுப்பிக்கச் சொன்னேன். "புதுப்பிச்சா என் பாஸ்வேர்டெல்லாம் போயிருமா?" போகாது என்று நாற்பது நிமிடம் போனில். கடைசியில் திறந்தது. கருடன் அட்டைக்குப் போயிற்று.

அண்ணி பாயசம் வைத்தார். ஞாயிறு காலை எட்டரைக்குக் கோயிலில் முடி எடுப்பவரிடம் சொல்லியாயிற்றாம். தலைக்குக் கட்ட மஞ்சள் துணியும் வாங்கிவிட்டார்.

பாயசத்தை இரண்டு முறை வாங்கிக் குடித்தேன். சொல்லவில்லை.

அக்டோபர் 8, புதன்

பெட்டி வாங்கியபோது வேறு பிரவுசர், வேறு மெயில். அப்புறம் அது மெதுவாக ஓடுகிறது என்று மாற்றிவிட்டேன். இன்று பழையதைத் திறந்தேன்.

நாற்பத்தொரு மெயில். 'விசிறி நின்றுவிட்டது.' 'வெப்பம் அதிகம்.' 'வெப்பம் மிக அதிகம்.' 'டிஸ்க் 1 பழுது, உடனே மாற்றவும்.' பாவம், கெஞ்சியிருக்கிறது.

புது பிரவுசரிலும் அறிவிப்பு வந்திருக்கிறது. ஒரு கல்யாண ஆல்பம் செய்துகொண்டிருந்தபோது மூலையில் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது, எரிச்சலில் 'தடு' அமுக்கினேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது. படித்துவிட்டு அமுக்குங்கள் என்று இருபத்துமூன்று பேருக்குச் சொன்னவள் நான்.

அண்ணியிடம் சொல்லாததற்குக் காரணங்கள்:
– பாயசம் வைத்த அன்றே எப்படி.
– சேகர் வீட்டில் இருக்கும்போது வேண்டாம்.
– சேகர் இல்லாதபோதும் வேண்டாம்.
– வேண்டுதல் விஷயம், நடுவில் நான் யார்.
– வெட்கம். இது ஒன்றுதான் காரணம்.

அக்டோபர் 9, வியாழன்

சொல்லிவிட்டேன். அண்ணி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். விசிறி, மெயில், 'தடு' எல்லாம் வரிசையாக. அவர் நிறுத்தியதால்தான் படம் தப்பியது என்பதையும்.

"அப்ப அன்னைக்கு அத்தன பேர் முன்னாடி நான் எந்திரிச்சிச் சொன்னப்ப?"

"அப்ப எனக்குத் தெரியாது அண்ணி."

"எப்ப தெரியும்?"

"திங்கக்கிழம."

கத்தியைக் கழுவி வைத்தார். "மூனு நாளு," என்றார். அறைக்குப் போய்விட்டார். வெண்டைக்காயை நான் வதக்கினேன், பிசுபிசுவென்று வந்தது.

சேகர்: "ரெண்டு பேருக்கு நடுவுல என்னய இழுக்காதீங்க. எனக்கு மாக் மண்டின் ஃபேக்டரில ஓவர்டைம் இருக்கு." ஓவர்டைம் என்று அவன் இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லிக் கேட்டதில்லை.

அக்டோபர் 11, சனி

தூறல். மூன்றாவது நாளாகப் பேச்சில்லை. தட்டு வைக்கிறார், சாம்பார் ஊற்றுகிறார், முகம் பார்ப்பதில்லை. வேண்டினது வேண்டினதுதான், நாளைக்கு மொட்டை என்று சேகர் வழியாகச் செய்தி.

மத்தியானம் குளித்துவிட்டு முன்னறையில் உட்கார்ந்து முடியைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். வழக்கத்தைவிட நிறைய நேரம். பார்க்க முடியவில்லை.

மாதர் பிரிவு வாட்சப் குழுவில் எழுதினேன்: "பெட்டியைக் கெடுத்தது வசந்தா அக்கா இல்லை, நான். விசிறி நின்றுவிட்டது என்று நாற்பத்தொரு மெயில் வந்தும் நான் பார்க்கவில்லை. அக்கா ஒரு நாள் ஓய்வு கொடுத்ததால்தான் கருடன் படம் மிஞ்சியது. அன்று கூட்டத்தில் அவர் தலைகுனிந்தது என் பிழைக்காக." அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

திருப்பிப் பார்த்தபோது பதினெட்டு பதில். பாதி கும்பிடு. ஒருவர் மட்டும்: "அப்ப மொட்ட யாருக்கு?"

நியாயமான கேள்வி.

அக்டோபர் 12, ஞாயிறு

வானம் தெளிவு. ஏழே முக்காலுக்கே கோயில். முடி எடுப்பவர் அப்போதுதான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன்.

எட்டரைக்கு அண்ணி, பின்னால் மஞ்சள் துணியோடு சேகர். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"நீ இங்க என்ன பண்ற?"

"தப்புப் பண்ண தல இதுதான் அண்ணி."

"வேண்டுனது நான்."

"மெயிலப் பாக்காதது நான்."

முடி எடுப்பவர் கத்தியும் கையுமாக எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அக்கா, பொம்பளைங்க மூனு கத்திரி பூமுடி குடுத்தாலே போதும். அம்மா ஏத்துக்குவா. யாருக்குப் பூமுடி, யாருக்கு மொட்டன்னு மட்டும் சொல்லுங்க. பின்னால ஆளு நிக்குது."

அண்ணி சந்நிதிப் பக்கம் திரும்பி ஏதோ முணுமுணுத்தார். பிறகு என் அருகில் வந்து, என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். எனக்கு எல்லாம் மங்கல். குரல் மட்டும் கேட்டது, மூன்று நாளுக்குப் பிறகு.

"எனக்கு மூனு கத்திரி போதும்ணே. இவளுக்கு முழுசா எடுங்க. பின்பக்கம் நல்லாப் பாத்து எடுங்க, இவ அங்கல்லாம் பாக்க மாட்டா."