காரங்காட்டுச் சேறு

என்னங்க,

கிருமி பரவும் என்று உங்கள் வார்டுக்குள் என்னை விடவில்லை. இதை நர்ஸ் படித்துக் காட்டுவதாகச் சொன்னார்.

காரங்காட்டு அலையாத்திக் காட்டில் என் மாணவிகள் சேறு எடுத்ததைச் சொன்னேன் அல்லவா? அதிலிருந்து ஆஸ்லின் வளர்த்த நுண்ணுயிர், தன்னைச் சுற்றியிருந்த கிருமிகளையெல்லாம் கொன்றுவிட்டது. லேப் முழுக்கக் கைதட்டல். உங்கள் காலில் திருக்கை மீன் முள் குத்திய பிறகு அன்றைக்குத்தான் எனக்கு நன்றாகப் பசித்தது.

நேற்று பல்கலைக்கழகத்திலிருந்து பரிசோதனை முடிவு வந்தது. அந்த நுண்ணுயிர் சுரந்தது புது மருந்து இல்லை. உங்களுக்கு முதல் வாரமே போட்டும் கேட்காமல் போன அதே மருந்துதான்.

ஆஸ்லினுக்கு உங்களைப் பற்றி எதுவும் தெரியாது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடுங்க மேடம், மறுபடி போயி மண்ணு எடுத்துட்டு வாரேன். ரெண்டு வருசத்துல கண்டுபிடிச்சிரலாம்" என்றாள்.

சரி என்றேன்.

பெரிய டாக்டர் இன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு நிறைய நேரம் பேசினார். எல்லாம் சாதாரண விஷயம்தான்.

நாளை காலை தங்கச்சிமடத்திலிருந்து உங்கள் தம்பி வருகிறார். கூடவே நம் கோயில் ஃபாதரும் வருகிறார். சும்மா பார்க்கத்தான் வருகிறார், பயப்படாதீர்கள்.

வெளியே பெஞ்சில் இருக்கும்
உங்கள் மனைவி