நேரில் சொல்ல வேண்டிய வரி

ராஜபாளையம்,
ஆவணி 8.

அன்பு மகள் செல்வலட்சுமிக்கு,

ரத்தினம் சித்தி எழுதுவது. இங்கே நானும் உன் சித்தப்பாவும் நலம். நீ நலமா என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இப்போது இல்லை. ஆனாலும் கேட்காமல் கடிதம் ஆரம்பிக்கக் கை வரவில்லை. பத்து நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. எடுக்காதது நியாயம்தான். ஓசூர் ஹாஸ்டல் விலாசத்தை உன் அம்மாவிடம் வாங்கித் தபாலில் எழுதுகிறேன்.

நடந்ததை என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருக்கிற டிஜிட்டல் டைரியை நீ பார்த்திருக்கிறாய், கால்குலேட்டர் மாதிரி மூடித் திறக்கிற கறுப்பு டப்பா. இருபது வருஷமாக நான் பார்க்கிற வரன்கள் எல்லாம் அதற்குள்தான். அதில் தமிழ் ஏறாது, இங்கிலீஷ் எழுத்தில்தான் தமிழைத் தட்டுவேன். பெயர், நட்சத்திரம், படிப்பு, வேலை. எல்லாவற்றுக்கும் கீழே எனக்கு மட்டும் தெரிய ஒரு வரி. பையனுக்குச் சீட்டாட்டம் உண்டு, பெண்ணுக்கு ஒரு காது மந்தம், இப்படி. அந்த வரியை நான் போனில் யாருக்கும் சொன்னது கிடையாது. இரண்டு வீட்டாரும் ஒருவரை ஒருவர் பார்த்த பிறகு, அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து சொல்வேன்.

சித்திரையில் லீவுக்கு வந்த என் மகன் கௌதம்ராஜ் எனக்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தான். இன்னுமா இந்த டப்பாவைத் தட்டிக்கிட்டிருக்க, இதுல ஒரு போட்டோ வருமா, இப்பத் தரகர் அம்புட்டுப் பேரும் குரூப்புலதான் இருக்காக என்று கேலி செய்தான். எனக்கும் ஆசை வந்துவிட்டது, அதையும் ஒளிப்பானேன். அவனே இரண்டு நாள் உட்கார்ந்து டப்பாவில் இருந்ததை எல்லாம் தமிழில் போனுக்கு ஏற்றினான். நல்ல பிள்ளை, ஒரு எழுத்தை விடவில்லை. கீழே இருந்த வரியையும் விடவில்லை. நான் சரிபார்க்கவும் இல்லை.

அப்புறம்தான் வத்திராயிருப்பு விக்னேஷ்வரனின் அம்மாவுக்கு உன் விவரத்தை அனுப்பினேன். அனுப்பினேன் என்று நினைத்தேன். போனது இருநூற்று நாற்பது பேர் இருக்கிற குரூப்புக்கு. முதல் கல்யாணம் எட்டு மாதத்தில் முறிந்தது, நேரில்தான் சொல்ல வேண்டும், இப்போது வேண்டாம் என்ற வரியோடு சேர்ந்து போனது. அழிப்பது எப்படி என்று பக்கத்து வீட்டு நூர்னிசாவைக் கூப்பிட்டுக் கேட்டு அழிப்பதற்குள் அது ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் தெருவுக்கே வந்து சேர்ந்துவிட்டது. அன்று சாயங்காலமே விக்னேஷ்வரனின் அம்மா கூப்பிட்டு, மறைச்சு வச்சு எம் பிள்ளை தலையில கட்டப் பாத்தீகளா என்று கேட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்கு இரண்டு வீட்டாரும் தற்செயலாக வந்ததுபோல வருவதாக இருந்தோமே, அதற்கும் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். வழக்கம்போலக் காபி கொடுத்தார்கள். ஆனால் எதிரே உட்காரவில்லை. நான் குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார்கள். அதைவிட நாலு வார்த்தை வைதிருக்கலாம்.

முதலிலேயே அதைச் சொல்லிவிட்டு ஜாதகத்தைக் கொடுங்கள் சித்தி என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். எனக்குத் தொழில் தெரியும் என்று உன் வாயை அடைத்தேன். உண்மை அது இல்லை, செல்வலட்சுமி. அந்த முதல் கல்யாணத்தைக் கொண்டுவந்ததும் நான்தான். அவனுக்குக் கோயம்புத்தூரில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்ததை விசாரிக்காமல் விட்டவளும் நான்தான். உன் பெயருக்குக் கீழே இருந்தது என் தப்பு. அதை என் வாயால் சொல்ல வெட்கப்பட்டுத்தான் தள்ளிப்போட்டேன்.

இன்னொரு விஷயம். செவ்வாய்க்கிழமை விக்னேஷ்வரன் பஸ் ஏறி இங்கே வந்தார். தோப்புகளில் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவர், கை கழுவியும் கிரீஸ் போகாமல் இருந்தது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இதைச் சொல்ல வேண்டாம்னு அவிய சொன்னாகளா, நீங்களா மறைச்சீகளா என்று. அவள் சொல்லச் சொன்னாள், மறைத்தது நான் என்றேன். ஏன் மறைத்தேன் என்பதையும் சொன்னேன். பிறகு உன் நம்பரைக் கேட்டார். உன்னைக் கேட்காமல் இனி எதையும் கொடுக்கமாட்டேன் என்றேன். அப்ப என் நம்பரை அவியகிட்டச் சேத்துருங்க, பேசணும்னு தோணுனாப் பேசட்டும் என்று காலண்டர் தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தார். அவருடைய அம்மாவுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை, அதையும் உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்றார். அந்தத் தாளை இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன். அதைப் போட்டோ எடுக்கவில்லை. போனில் ஏற்றவும் இல்லை.

குரூப்பிலிருந்து வெளியே வந்துவிட்டேன். கீழ் வரிகளை மட்டும் அழித்துவிட்டுப் போனையே வைத்துக்கொள் என்கிறான் கௌதம்ராஜ். போன் பேரன் முகம் பார்க்க இருக்கட்டும், வரன்கள் டப்பாவிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். போன்மேல் பழி போடவில்லை. விரல் என்னுடையது. டப்பாவும் பழையபடி இருக்காது. கீழ் வரி எதுவானாலும் இனி முதல் நாளே நேரில் போய்ச் சொல்லிவிடுவேன். உன் பெயருக்குக் கீழே இருந்ததை எடுத்துவிட்டு, தப்பு ரத்தினத்துடையது என்று தட்டி வைத்திருக்கிறேன்.

மலைப்பக்கம் சாரல் விழுகிறது. ஓசூரில் குளிர் என்கிறார்கள், தலைக்கு ஏதாவது கட்டிக்கொண்டு வேலைக்குப் போ. பெருமாள் உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டார். அந்தத் தாளை நீ வைத்துக்கொண்டாலும் சரி, கிழித்துப் போட்டாலும் சரி, ஏன் என்று கேட்கமாட்டேன். என் போனை மட்டும் ஒரு தடவை எடு. வைவதற்காகவாவது எடு.

உன் நல்லதையே நினைக்கும்,
ரத்தினம் சித்தி